தண்டவாளத்துப் பக்கத்து அறைக்கு ஒரு விளம்பரம்

போன மாதம் ஒரு தோழியிடம் தொலைபேசியில் முட்டி வலிக்கிறது என்று சொன்னேன். மறுநாள் காலையில் கைபேசியைத் திறந்தால் முட்டிக்கு மாட்டும் உறை, முட்டிக்குத் தடவும் தைலம், முட்டி குணமாகிவிட்ட ஓர் அம்மாள் மலையேறும் படம். வாழ்நாளில் பாதியை விளம்பரத் தொழிலில் கழித்தவள் நான். எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. ஒரு விளம்பரத்துக்கு ஏற்ற ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க நாங்கள் படாத பாடு பட்டிருக்கிறோம். இப்போது விளம்பரமே மோப்பம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இதைக் கவிதாவிடம் சொல்லிச் சிரித்தேன். கவிதா எங்கள் அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்த பெண். இன்று பெரிய நிறுவனம் ஒன்றில் இணைய விளம்பரப் பிரிவுக்கே தலைவி. "அக்கா, அப்ப ஒன்னுமே இல்லாம எப்படிக்கா செஞ்சீங்க? எழுதி வைங்க லா, எங்க பிள்ளைங்க நம்ப மாட்டேங்குதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் செந்தூல்காரி. அப்பா அங்கிருந்த ரயில் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் வண்டி போகும்போதெல்லாம் அலமாரியில் தட்டுகள் ஆடும், நாங்கள் அசையாமல் தூங்குவோம். எழுபதுகளின் கடைசியில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரங்களைப் பெற்றுக்கொள்ளும் முகப்பு மேசையில் உட்கார்ந்தேன். மரண அறிவித்தல், மணமகன் தேவை, வீடு வாடகைக்கு. வருகிறவர்கள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள், அவர்கள் வாங்கும் இடமோ ஒரு கட்டம். எதிரில் உட்கார்ந்து அழுகிறவரின் மனம் நோகாமல் அவர் எழுதியதில் முக்கால்வாசியை அடிக்க வேண்டும். அங்கே நான் கற்ற ஒரே வித்தை அதுதான். பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் சில ஆண்டுகள், திரையரங்கில் இடைவேளையில் காட்டும் சிலைடுகளும் வானொலி விளம்பரங்களும் எழுதினேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்த நிறுவனம் ஆள் குறைத்தபோது, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் கடைகளுக்கு இணையத்தில் அகப்பக்கம் செய்து கொடுக்கப் புதிதாகத் தொடங்கிய ஓர் 'இண்டர்நெட்' அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனேன். இண்டர்நெட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நேர்காணலில் அதை அப்படியே சொன்னேன். "எனக்கும் பாதிதான் தெரியும், வாங்க" என்றார் காதர். அவர்தான் எங்கள் பாஸ்.

காதர், மஸ்ஜித் இந்தியா என்ற கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடை வாசலில் நின்று ஆள் கூப்பிட்டு வளர்ந்தவர். கணினி எல்லாம் பிறகு படித்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் முதலில் "நல்லா இருக்கு" என்பார். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்பார், அந்தக் கேள்வியில் சொன்னவரே தன் யோசனையை மடித்து வைத்துவிடுவார். கடை வாசலில் கற்றதாக எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்: நடந்து போகிற ஆளின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, காலைப் பார்க்க வேண்டும். வாங்க நினைக்கிறவரின் பாதம் கடைப்பக்கம் லேசாகத் திரும்பும். "இண்டர்நெட்ல காலு தெரியாது பத்மா. அதான் நமக்குக் கஷ்டம்" என்பார்.

அவர் வைத்திருந்த இரண்டு விதிகளை யாரும் மீற முடியாது. முதலாவது, வாடிக்கையாளரின் பொருளை நாம் பயன்படுத்திப் பார்க்காமல் ஒரு வரி எழுதக்கூடாது. சேலை என்றால் கட்டிப் பார்க்க வேண்டும், முறுக்கு என்றால் தின்று பார்க்க வேண்டும். இரண்டாவது விதிக்கு 'தே தாரிக் சோதனை' என்று பெயர். எங்கள் தெருவில் ஒரு சைபர் கபே இருந்தது. அங்கே மூலையில் இருந்த கணினிதான் இருப்பதிலேயே மந்தம், விசைகளில் எழுத்துகூட தேய்ந்து போயிருக்கும். அகப்பக்கம் தயாரானதும் வாடிக்கையாளரை அங்கே உட்கார வைத்து, பக்கத்து மாமாக் கடையிலிருந்து ஒரு தே தாரிக், நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் தேநீர், வரவழைப்போம். அவர் குடித்து முடிப்பதற்குள் பக்கம் முழுதாக வந்துவிட வேண்டும். வராவிட்டால் மறுபடியும் வேலை.

கிள்ளானில் சேலைக்கடை வைத்திருந்த செல்வராஜ் அண்ணன்தான் இந்தச் சோதனையில் பெயர் வாங்கியவர். மேலே மகாலட்சுமி படம், மின்னி மின்னி அணையும் தங்க எழுத்து, திறந்ததும் நாதஸ்வரம், ஒவ்வொரு சேலையும் சுற்ற வேண்டும் என்று கேட்டார். பாஸ் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கேட்டபடியே செய்து, அண்ணனை மூலைக் கணினியில் உட்கார வைத்தார். தே முடிந்தபோது மகாலட்சுமியின் கிரீடம் மட்டும் வந்திருந்தது. அண்ணன் இன்னொரு தே சொன்னார். நெற்றி வந்தது.

"இன்னும் மொகம் வரலியே பாஸ்" என்றார் கவலையோடு.

"இண்டர்நெட் டெலிபோன் லைன்லதான் வருது, காசு ஓடிக்கிட்டே இருக்கும்ணே. ஒங்க கஸ்டமரு எது வரைக்கும் காத்திருப்பாங்க?"

அண்ணன் தாமாகவே நாதஸ்வரத்தை எடுத்துவிடச் சொன்னார். பிறகு சுற்றுகிற சேலைகளை. கடைசியில் மகாலட்சுமியைக் கடையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார்.

தமிழில் எழுதுவது அதைவிடப் பெரிய பாடு. பார்க்கிறவர் கணினியில் அதே தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால், நான் எழுதியது கோழி கிளறிய மாதிரி தெரியும். ஆகவே தமிழ் வரிகளைப் படமாக மாற்றிப் போட வேண்டும். படம் என்றால் கனம். கனம் என்றால் தே முடிந்துவிடும். பத்திரிகை முகப்பில் வார்த்தைகளை அடித்து அடித்துப் பழகிய கை எனக்கு அங்கே சோறு போட்டது. மூன்று வார்த்தைக்கு மேல் போகாமல் ஒரு கடையையே சொல்லிவிடுவேன்.

செல்வராஜ் அண்ணன் பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஓர் எண் ஓடும். தினமும் காலையில் போன் செய்து, எண் ஏறுகிறது என்று சந்தோஷப்படுவார். கிள்ளானுக்கு ஒருநாள் போனபோதுதான் விஷயம் புரிந்தது. கடைக்குள் வருகிற ஒவ்வொருவரையும் கணினிக்கு முன்னால் இழுத்துப் போய்ப் பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கடையில் நிற்கிறவர்களுக்கே கடையை விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தோம். பாஸ் அவரைக் கூச்சப்பட வைக்கவில்லை. "இதுல எத்தன பேருண்ணே சேலையப் பத்திக் கேட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். அன்றே அந்த எண்ணை எடுத்துவிட்டு, கேள்வி கேட்க ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். நெடுநாள் கழித்து நார்வேயிலிருந்து ஒரு பெண், இந்தச் சேலைக்கு ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா என்று கேட்டு எழுதினார். அந்த ஒரு கேள்விக்காக பாஸ் கீழ்க்கடையிலிருந்து எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது பரமசிவம் அங்கிளுக்கு வருகிறேன்.

அங்கிள் பிரிக்பீல்ட்ஸ்காரர். பரம்பரையாக வந்த இரண்டு மாடிக் கடைவீடு. மேல்மாடியை அறைகளாகத் தடுத்து, வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவரும் மனைவி அன்னம் ஆன்டியும் அங்கேயே குடியிருந்தார்கள். மகள் நளினி இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் நாட்டுப் பணமான வெள்ளியின் மதிப்பு விழுந்த வருடம் அது. அவள் படிப்புக்கு அனுப்பும் பணம் திடீரென்று போதாமல் போயிற்று. அந்த அறைகள் நிறைந்தால்தான் அவள் அங்கே இருக்க முடியும்.

அவர் எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு யாரோ அவருக்கு ஓர் அகப்பக்கம் செய்து கொடுத்திருந்தார்கள். அதில் 'அமைதியான சூழல்' என்று பெரிதாக எழுதி, எந்த ஊரிலோ எடுத்த பூந்தோட்டப் படத்தைப் போட்டிருந்தார்கள். அந்தப் பூந்தோட்டத்தை நம்பி ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். அவருக்குக் கிடைத்ததோ பின்பக்க அறை. சன்னலுக்கு வெளியே தண்டவாளம். ஊருக்குத் திரும்பியதும், இணையத்தில் பயணிகள் கூடிப் பேசும் ஒரு பொதுப் பலகையில் தம் அனுபவத்தை எழுதிவிட்டார். ரயில் தம் தலையணை வழியாகப் போனதாகவும், விடியும் முன்பே முதல் வண்டி வந்து எழுப்பியதாகவும், மாடிப்படி ஏணி மாதிரி இருப்பதாகவும், வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பதாகவும் எழுதியிருந்தார். அந்த விடுதியின் பெயரை இணையத்தில் யார் தேடினாலும் அதுதான் முதலில் வந்தது. கேட்டு எழுதுகிறவர்கள் நின்று போனார்கள்.

அங்கிள் அதை அச்செடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு எங்கள் மாடி ஏறி வந்தார். இதை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றோம். அப்படியானால் அதன் கீழே நல்லவிதமாகப் பத்துப் பேர் எழுதியது போல் போட்டுவிடலாமா என்றார். வெள்ளைக்காரப் பெயர்களில் அவரே எழுதியும் வைத்திருந்தார். பாஸ் ஒவ்வொன்றையும் அக்கறையாகப் படித்தார். ஒன்றைப் பார்த்து, ஆங்கிலம் ரொம்ப அழகு என்று பாராட்டினார். பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எது உண்மை அங்கிள்?"

அங்கிள் யோசித்தார். "அன்னம் கை சாப்பாடு நல்லா இருக்கும்னு எழுதினேன்ல. அது உண்மை."

"சரி. அந்தப் பொண்ணு எழுதினதுல எது பொய்?"

அங்கிள் சட்டைப்பையிலிருந்து எடுத்து மறுபடியும் படித்தார். நிதானமாக, விரல் வைத்து. படித்து முடித்தும் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "பொய் நம்ம பக்கத்துலதான் இருக்கு" என்றார் கடைசியில். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

விதிப்படி நானும் கவிதாவும் அங்கே தங்கப் போனோம். அதே பின்பக்க அறை. விடியற்காலையில் முதல் வண்டி வந்தபோது கவிதா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து சன்னலைத் திறந்தேன். பால் மாதிரி வெளிச்சம். ஒரு சரக்கு வண்டி மெதுவாக ஊர்ந்தது, அதைத் தாண்டி மின்சார வண்டி ஒன்று ஓடியது, தூரத்தில் புதிய நிலையம் கட்டும் பாரந்தூக்கிகள் நின்றன. எனக்கு அப்பாவின் நினைவு வந்தது, செந்தூல் வீட்டுத் தட்டுகளின் சத்தம் வந்தது. பல் விளக்காமல் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. அன்னம் ஆன்டி பசியாறக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

தோசை சாப்பிட்டுக்கொண்டே, புதுப் பக்கத்தில் என்ன எழுதப் போகிறேன் என்று சொன்னேன். பூந்தோட்டம் கிடையாது. படி செங்குத்து, பெரிய பெட்டி கொண்டு வர வேண்டாம். முன்பக்க அறைகள் அமைதி, பின்பக்க அறையில் விடியலிலிருந்து ரயில் சத்தம். வீட்டுக்காரர் சாப்பிட்டாயா என்று கேட்பார், இல்லை என்றால் சாப்பாடு வரும்.

அங்கிளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நம் குறையை நாமே காசு கொடுத்து விளம்பரம் செய்வதா என்று கேட்டார்.

ஆன்டி சட்னி ஊற்றிக்கொண்டே, "வர்றவங்க கண்ண மூடிக்கிட்டா வர்றாங்க? படியேறுனா தெரியத்தானே போவுது. முன்னாடியே சொல்லிட்டா நம்ம மேல கோவப்பட மாட்டாங்க" என்றார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

பலகையில் அந்தப் பெண்ணுக்கும் அங்கிள் பெயரிலேயே பதில் போட்டோம். நீங்கள் எழுதியது அத்தனையும் சரி, தவறான படத்தை எடுத்துவிட்டோம், மன்னிக்கவும் என்று. புதுப் பக்கமும் ஏறியது. தே பாதி இருக்கும்போதே முழுதாக வந்துவிட்டது. எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

யாரும் வரவில்லை.

அங்கிள் தினமும் போன் செய்து, ஏதாவது வந்ததா என்று கேட்பார். பிறகு போன் செய்வதை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஒருநாள் பாசாரில் ஆன்டியைப் பார்த்தேன். இந்தப் படிப்புத் தவணை முடிந்ததும் நளினியைத் திரும்பி வரச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அழவில்லை. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. உண்மையைச் சொன்னோம், சரி. யாரிடம் சொன்னோம்? ரயில் சத்தம் வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்து, இங்கே ரயில் சத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். அந்தச் சன்னலில் பல் விளக்காமல் நின்ற பைத்தியம் நான் ஒருத்திதானா? உலகத்தில் வேறு யாரும் இல்லையா? பாஸிடம் கேட்டேன். "நல்லா இருக்கு" என்றார். நான் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை. "தேடுங்க" என்றார்.

அந்தக் காலத்துத் தேடுதல் என்பது கிணற்றில் பாதாளக் கரண்டி போடுவது மாதிரி. என்ன மாட்டும் என்று தெரியாது. சில நாள் தேடியதில் ஒரு புது உலகமே மாட்டியது. இங்கிலாந்தில் ரயில் பார்ப்பதற்காகவே விடுமுறை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் இருந்தார்கள். எஞ்சின் படம் எடுத்து, ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் பக்கங்கள் வைத்திருந்தார்கள். அவற்றில் பெரிய பக்கம் ஒன்றை ஆர்தர் என்பவர் நடத்திவந்தார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

அவருக்கு என்ன எழுதுவது என்பதில்தான் நான் ரொம்ப யோசித்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கு மொத்தமாக விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. பாஸுக்கு அது பிடிக்காது, அழைக்காத வீட்டுக்குள் செருப்போடு நுழைவது என்பார். ஆகவே விளம்பரம் மாதிரி எழுதவில்லை. நான் ரயில் பட்டறைத் தொழிலாளியின் மகள் என்று ஆரம்பித்தேன். அந்தச் சன்னலிலிருந்து என்னென்ன வண்டி தெரிகிறது, எந்த எஞ்சின் இழுக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். புதிய நிலையம் எழும்பிவிட்டால் இந்தக் காட்சி மாறிவிடும் என்றும், எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த அறையை வாடகைக்கு விடுகிறது என்றும் எழுதி முடித்தேன்.

மறுநாள் காலையில் பதில் இருந்தது. மூன்றே கேள்விகள். சன்னல் முழுதாகத் திறக்குமா? கம்பி இருக்கிறதா? காலை வெயில் தண்டவாளத்தின் எந்தப் பக்கம் விழும்? கட்டில், குளியலறை, வாடகை எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

நான் அச்செடுத்து பாஸிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "காலு திரும்பிருச்சு பத்மா" என்றார். எழுந்து நின்று சொன்னார்.

சன்னலில் கம்பி இருந்தது. அன்று மத்தியானமே அங்கிள் ஆள் வைத்து, கம்பியைத் திறந்து மூடும்படி மாற்றிவிட்டார்.

ஆர்தர் இரண்டு நண்பர்களோடு வந்தார். மூன்று பேரும் வெள்ளைத் தலை, மூன்று பேர் கழுத்திலும் கேமரா. அன்னம் ஆன்டிக்கு அவர்களைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. "ஊரு பாக்கவே போவ மாட்டேங்குறாங்க பத்மா. சன்னலண்டயே ஒக்காந்திருக்காங்க. சரக்கு வண்டி வந்தா கை தட்டுறாங்க" என்று என்னிடம் கவலைப்பட்டார். தோசையைச் சன்னலுக்கே கொண்டு போய்க் கொடுத்தார். செங்குத்துப் படி ஒன்றுதான் அவர்களுக்குக் கஷ்டம், அதையும் முன்பே படித்திருந்ததால் சின்னப் பைகளோடு வந்திருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஆர்தர் தம் பக்கத்தில் படங்களைப் போட்டார். அந்தப் பொதுப் பலகையிலும், ஸ்காட்லாந்துப் பெண் எழுதியதற்குக் கீழே எழுதினார், யாரும் கேட்காமலே. அந்தப் பெண்ணும் ஒரு வரி சேர்த்தார்: சத்தம் இருந்தது உண்மை, சாப்பாடு பிரமாதமாக இருந்ததையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்று. அதன் பிறகு இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் என்று பின்பக்க அறையைக் கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. அது கிடைக்காதவர்கள் முன்பக்க அறையை எடுத்துக்கொண்டு, காலையில் பின்பக்கத்துக்காரரின் கதவைத் தட்டினார்கள். அங்கிள் நளினிக்குப் போன் செய்து, வர வேண்டாம், படித்து முடி என்றார். அதை எங்களிடம் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

மாதச் சம்பளம் பேசிய ஒப்பந்தப்படி, வந்த கடிதங்களுக்கெல்லாம் நான்தான் பதில் எழுதிவந்தேன். மெல்ல மெல்ல அங்கிள் ஒரு பழைய கணினியை வாங்கி வைத்து, தாமே எழுதக் கற்றுக்கொண்டார். நகல் எங்களுக்கும் வரும். ஒருநாள் நியூசிலாந்துக்கார ஒருவர் தைப்பூசத்தையொட்டி அறை கேட்டதற்கு அவர் அனுப்பிய பதிலைப் பார்த்தேன். 'ஐயா, அந்த வாரம் என் வீட்டுக்கு வர வேண்டாம். தண்ணீர்ப் பம்பு பழுதாகிக் கிடக்கிறது. நானும் மனைவியும் பினாங்குக்குப் போகிறோம், வந்தால் உங்களுக்குச் சாப்பாடு போட ஆள் இருக்காது. எதிர்வரிசையில் என் நண்பர் அறை வைத்திருக்கிறார், சொல்லியிருக்கிறேன். அங்கே கொசு உண்டு, வலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் எங்களோடு வந்து சாப்பிடுங்கள்.'

நான் சிரித்துக்கொண்டே பாஸிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, வாங்க போவோம் என்றார்.

அங்கிள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். இந்த மாதத்தோடு நம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பாஸ் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் எதும் தப்பா எழுதிட்டேனா பாஸ்?"

"இல்ல அங்கிள். நீங்க எழுதுற மாதிரி எங்களுக்கு எழுத வராது. எழுதத் தெரியாதவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"

அங்கிள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆன்டி உள்ளேயிருந்து வந்து, ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிடாமல் போக முடியாது என்று இலை போட்டார். சாப்பிட்டோம். எழுந்தபோது அங்கிள் வாசல் வரை வரவில்லை. யாரோ ஒரு டச்சுக்காரர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார், காக்க வைக்கக்கூடாது என்றார்.

இறங்கும்போது பாதிப் படியில் பாஸ் நின்றார். "இருக்கிறதிலேயே நல்ல கஸ்டமர விட்டுட்டோம். அடுத்த மாசம் ஆபீஸ் வாடகைக்கு என்னா பண்றது பத்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார். மேலே அங்கிள் ஒற்றை விரலால் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஓர் எழுத்துக்குப் பிறகு இன்னோர் எழுத்து.